கிணறு இருந்த இடம்

உன்சால் வந்தபோது நெபிலே முற்றத்தில் உட்கார்ந்து பச்சை ஒலிவக்காய்களைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். காய் வெடிக்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. அடுத்த ஞாயிறு தேர்தலை வைத்துக்கொண்டு கட்சிக்காரன் ஒருவன் சும்மா வீடு தேடி வர மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பிளாஸ்டிக் பையில் மடித்திருந்த கொடியைக் காய்க்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, அடக்கத்தை வியாழக்கிழமை வச்சுக்கலாம். அவரே வர்றேன்னு சொல்லிட்டாரு."

"எவரு?"

"என்னக்கா, தெரியாத மாதிரி. நம்ம வேட்பாளர்தான். உங்கப்பா தியாகி. பெட்டி மேல கொடி போர்த்தி, நாலு வார்த்தை பேசிட்டுப் போவாரு."

"அறுபது வருஷமா எங்கப்பாவை யாரும் தேடல. இப்ப என்ன அவசரம்?"

உன்சால் சிரித்தான். "உங்க பையன் சார்பெர் ஃபைலும் மேசை மேலதான் கிடக்கு. எத்தனை வருஷமா தற்காலிக வேலையிலேயே ஓட்டுறான் பாவம். ஒரு கையெழுத்துதான் பாக்கி." கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து உருட்டினான். "அந்தக் கிணத்துப் பேச்சை மட்டும் யாரும் எடுக்க வேணாம்."

நெபிலே அடுத்த காயைத் தட்டினாள். கொட்டை உடைந்துபோனது.

அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே காணாமல் போனவர் அவளுடைய அப்பா சலாஹி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்; தீவு இரண்டாகப் பிரியாத காலம். கிரேக்கத் தொழிலாளிகளும் துருக்கியத் தொழிலாளிகளும் ஒன்றாக இருந்த சங்கத்தை விட்டு விலகச் சொந்தத் துருக்கிய ஆட்களே சொன்னார்கள், விலகவில்லை. ஓர் இரவு வீட்டிலிருந்து போனவர் திரும்பவில்லை. கிரேக்கர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றது ஊர். பள்ளிக்கூடச் சுவரில் அவர் படத்தை மாட்டினார்கள். தியாகி குடும்பத்துக்கு வந்த உதவிப்பணத்தில்தான் அவள் வளர்ந்தாள். இந்த வசந்தத்தில் ஊருக்கு நடுவே பெரியவர் காஷிஃப் விற்ற நிலத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு கட்டத் தோண்டினார்கள். மூடிக் கிடந்த பழைய கிணற்றில் இயந்திரம் இடித்தது. மண்ணோடு எலும்புகள் மேலே வந்தன.

அந்த நாளில் கிரேக்கர்கள் நுழையாமலிருக்க ஊரின் இரண்டு முனையிலும் மணல்மூட்டைகள் இருந்தன. இரவு பகலாகக் காவல். காவலுக்குத் தலைவன் காஷிஃப். அத்தனை துப்பாக்கிகளையும் தாண்டி ஒரு கிரேக்கன் பிணத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து, காஷிஃப் கிணற்றில் போட்டு, நிதானமாக மண்ணும் மூடிவிட்டுப் போனான் என்றால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ஊரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. காபிக்கடையில் பார்லி விலை பேசினார்கள், பந்தாட்டம் பேசினார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு குர்பான் பெருநாளுக்கும் காஷிஃப் வீட்டிலிருந்து ஒரு தொடைக்கறி வரும். அம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள். கதவைச் சாத்திவிட்டு, கொல்லைப்புறம் போய் அப்படியே நாய்க்குப் போடுவாள். கறியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமான வீடு அது. அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்து நெபிலே அழுதிருக்கிறாள். இப்போது அம்மா இல்லை. இப்போதுதான் புரிகிறது.

பிரிந்த தீவின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் ஆய்வுக்கூடத்தில், அவள் இரத்தத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்த எலும்புகளை மேசை மேல் ஆளுருவமாக அடுக்கிக் காட்டினார்கள். பின்மண்டையில் ஓர் ஓட்டை. இருபத்தொன்பது வயதாம். அவள் மகனைவிடச் சின்னப் பையன் படுத்துக் கிடந்தான். அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை.

சாயங்காலம் சார்பெர் வந்தான். உன்சால் அவனிடம் முன்பே பேசியிருந்தான் போலும். கொடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

"நீ யாருக்கு ஓட்டுப் போடுறேன்னு நான் கேக்கலம்மா. வியாழக்கிழமை ஒரு நாள் பேசாம இரு, போதும்."

"பேசாம இருக்கறது நம்ம வீட்டுக்குப் புதுசா என்ன?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. வேலை போச்சுன்னா எல்லை தாண்டி அந்தப் பக்கம் போய்க் கட்டட வேலைதான் பாக்கணும்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. "சரி," என்றாள்.

வியாழக்கிழமை ஊரே கூடியது. குழந்தைக்குச் செய்ததுபோல் சின்னப் பெட்டி, அதை முழுக்க மூடிய கொடி. வேட்பாளர் நல்ல பேச்சாளர். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கைகள்" என்று அவர் சொன்னபோது கேமராக்கள் பெண்கள் பக்கம் திரும்பின. நெபிலே பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுத்துக்கொண்டாள். மகன் முகம் கண்முன் இருந்தது.

பிறகு இமாம் முன்னால் வந்து, வழக்கப்படி கேட்டார்.

"இந்த மனுஷன் உங்க யாருக்காவது கடன்பட்டிருந்தா, குறை வச்சிருந்தா, பொறுத்துக்கிட்டீங்களா?"

"பொறுத்துக்கிட்டோம்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. முதல் வரிசையில், மார்பில் பதக்கத்தோடு, கைத்தடியை ஊன்றி நின்ற காஷிஃபின் குரல். எண்பது தாண்டியும் தொண்டை மட்டும் கணீரென்று இருந்தது. பெட்டிக்குள் இருந்தவனை, அவன் செய்யாத குற்றத்துக்கெல்லாம் சேர்த்துப் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கிட்டியா என்று பெட்டிக்குள் இருப்பவனிடம் யாரும் கேட்கவில்லை.

குழியில் இறக்கினார்கள். வேட்பாளர் மூன்று முறை மண் தள்ளி, மண்வெட்டியைத் தரையில் வைத்தார். கல்லறையில் மண்வெட்டி கைமாறக் கூடாது. ஒருவர் கீழே வைப்பார், அடுத்தவர் குனிந்து எடுப்பார். கைக்குக் கை கொடுத்தால் சாவும் கூடவே போகும் என்று பயம். அடுத்து காஷிஃப். கைத்தடியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் குனியப் பார்த்தார். இடுப்பு வளையவில்லை. உதவிக்கு வந்த உன்சாலுக்கு முன்னால் நெபிலே பெண்கள் வரிசையை விட்டு வந்துவிட்டாள்.

அவளே குனிந்து எடுத்தாள். தரையில் வைக்கவில்லை. தகடு கீழே தொங்க, பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

"வாங்கிக்கோங்க மாமா. முதல் தடவையும் நீங்கதானே மண்ணு தள்ளுனீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் முதல் வரிசை முழுக்கக் கேட்டது. உன்சால் கேமராக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். ஒருவர் கேமராவை இறக்கினார், மற்றவர் இறக்கவில்லை. குழிக்கு அந்தப் புறம் சார்பெர் தலை குனிந்துகொண்டான். அவள் அதைப் பார்த்தாள். என்றாலும் கையை மடக்க முடியவில்லை.

காஷிஃபின் கைகள் தன்னால் முன்னே வந்தன. பிடிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டன. மண்வெட்டி கனமாக இருந்தது. அதன் தகட்டில் ஒட்டியிருந்த ஈரமண் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பூட்ஸ் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.