நாலாவது விசிலுக்கு வந்த நாற்காலி

எங்கள் பாலிடெக்னிக் பின்தெருவில் நிபுணர் குழுவுக்கான அழைப்பு நாற்காலியாகத்தான் வரும். காலை பத்து மணிவாக்கில், ராகுகாலம் பார்த்து, வாசலில் வந்து நிற்கும். நாம் யாருக்கும் எழுதிப் போட்டிருக்க வேண்டியதில்லை. நமக்கு ஏதோ ஒரு விஷயம் நன்றாகத் தெரியும் என்பது எங்கோ ஒரு குழுவின் காதுக்குப் போனால் போதும். ஏறி உட்கார்ந்தால் கூட்டம் நடக்கும் இடத்துக்கு அதுவே தூக்கிக்கொண்டு போய், விளக்கு வைப்பதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும்.

போலி நாற்காலிகளும் வரும். அவையும் தூக்கிக்கொண்டு போகும், கொண்டுவந்தும் விடும். ஆனால் இறங்கும்போது, நமக்குத் தெரிந்திருந்த அந்த ஒரு விஷயம் நம்மிடம் இருக்காது.

அதனால் ஏறுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில், சரக்குப் பெட்டிகளைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். நாற்காலியின் அடியில் ஒட்டியிருக்கும் கடிதம் தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி. எனக்கு இரண்டும் வரும். வார்டு அலுவலகத்தில் இதுவே போதும் என்று சொல்லி ஒரு முத்திரை கொடுத்தார்கள். வேலை எனக்குப் பிடித்துப்போனது.

முறை எளிது. கடிதத்தில் பெயர் சரியாக இருக்க வேண்டும். 'உலகப் புகழ்பெற்ற' என்ற சொல் எங்கேயும் இருக்கக் கூடாது. இன்றைக்கே, இப்போதே என்று விரட்டக் கூடாது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடைசியாக, வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோல நாற்காலியிடம் "உட்காருங்க" என்பேன். போலி நாற்காலி நாம் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ளும். காலை மடக்கி உட்கார்ந்துவிடும். உண்மையானது நிற்கும்.

ஆடி மாதம் தேவசகாயம் சாருக்கு வந்த நாற்காலி நின்றது. முத்திரை குத்தினேன். தூரத்தில் எழும் தூசியைப் பார்த்தே எந்த நம்பர் பஸ் வருகிறது என்று சொல்லக்கூடியவர் சார். அன்று மாலை திரும்பி வந்தவர், இப்போது நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வருவது பஸ்தானா என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்கிறார். பிறகு விசாரித்ததில், அந்த நாற்காலிக்கு முழங்கால் பிடிப்பு. உட்காரத்தான் பார்த்திருக்கிறது, மடங்கவில்லை.

சார் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "மூட்டு வலின்னா அப்படித்தான் குரு, எனக்கும் இருக்கு" என்றார்.

எங்கள் வீட்டு வாசலுக்கு நாற்காலி வந்தது கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. அக்காவுக்கு.

வேதவல்லி அக்காவுக்குத் தெரிந்தது குக்கர் விசில். தெருவில் எங்கே விசில் வந்தாலும், அது யார் வீடு, எத்தனையாவது விசில், உள்ளே பருப்பா கிழங்கா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். எங்கள் தெருவில் வேறு யாரும் எண்ணுவது கிடையாது. அக்கா ஜன்னல் வழியாக "பௌசியா, நாலு" என்றால் எதிர்வீட்டு பௌசியா அடுப்பை அணைப்பாள். முப்பது வருடத்தில் ஒரு எண்கூடத் தப்பியதில்லை. ஆனாலும் அவளுக்கு நாற்காலி வரவில்லை. தீப்பெட்டியைக் குலுக்கிப் பார்த்து உள்ளே எத்தனை குச்சி என்று சொல்லும் ஜெபராஜுக்கு இரண்டு முறை வந்தது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தினமும் பத்து மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைப்பாள், அவ்வளவுதான்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் நாற்காலிக்குக் காபி கொடுத்து முடித்திருந்தாள். பிரம்புப் பின்னல் போட்ட பழைய நாற்காலி. இருக்கையின் மேல் டம்ளர் காலியாக இருந்தது.

"காபி கொடுத்துட்டியா?"

"வாசலுக்கு வந்தவங்களை வெறும் வாயோட நிறுத்தி வைக்கச் சொல்றியா?"

காபி குடித்த நாற்காலிக்கு அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். கவிழ்த்துக் கடிதத்தைப் படித்தேன். இரண்டு மொழியிலும் வேதவல்லி. புகழ்ச்சி இல்லை, அவசரம் இல்லை. நிமிர்த்தி வைத்து "உட்காருங்க" என்றேன். நின்றது.

முத்திரையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. குனிந்து அதன் முன்னங்கால்களைத் தடவினேன்.

"என்னடா தேடுற?"

"முழங்கால்."

"இருக்கா?"

"பிடிச்சுக்கிட்டிருக்கா, நல்லா இருக்கான்னு தெரியலைக்கா. வேண்டாம்னு அனுப்பிடுவோம்."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஜெபராஜுக்கு ரெண்டு தடவை குத்திக் கொடுத்தே. தீப்பெட்டிக்கு! எனக்குன்னா மட்டும் முழங்கால் பாக்கிறியாக்கும்."

"விசில் போயிடுச்சுன்னா?"

"போனா எனக்குத்தானே போகுது."

"பௌசியா வீட்டுப் பருப்பும் போகும்."

அக்கா திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பௌசியா வீட்டில் முதல் விசில் வந்தது. "துவரம்பருப்பு" என்று அக்கா தன்னையறியாமல் சொன்னாள். நாற்காலி அவள் பக்கம் லேசாகத் திரும்பியது. போலி எதற்கும் ஒத்துக்கொள்ளும் என்பதை இத்தனை நாளும் அதன் காலை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தேன். காதை வைத்துச் சோதிக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

"அக்கா, அடுத்த விசிலுக்கு நாலுன்னு சொல்லு."

"அடுத்தது ரெண்டுடா."

"தெரியும். தப்பாச் சொல்லு."

"முப்பது வருசம்டா" என்றாள்.

இரண்டாவது விசில் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "பௌசியா... நாலு."

எதிர்வீட்டில் அடுப்பு அணைந்தது. நாற்காலி இரண்டடி பின்வாங்கியது. பிறகு திரும்பி, படியிறங்கி, கேட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்தது.

"ரெண்டு!" அக்கா கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். "ரெண்டுதான்! பௌசியா, மறுபடி பத்த வை, ரெண்டுதான்!"

நாற்காலி தெருவில் நின்றது. சற்று யோசித்துவிட்டு, திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. முத்திரை குத்தினேன்.

பௌசியா கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"இவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான்."

"அவுக பேச்சைக் கேப்பீங்களா? பருப்பே இல்லாத தேசத்துல இருபது வருசம் இருந்துட்டு வந்தவுக."

அக்கா நீலச் சேலை கட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி பாலிடெக்னிக் மதிலோரமாக நடந்து இடப்பக்கம் திரும்பியது. அன்று மதியம் தெரு முழுக்க எண்ணுவாரில்லாமல் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லார் வீட்டிலும் பருப்பு குழைந்துபோனது. நான் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா வந்து இறங்கினாள். ஜெபராஜ் வீட்டில் ஒரு விசில் வரும்வரை காத்திருந்தேன்.

"மூணு" என்றாள் செருப்பைக் கழற்றியபடி. "கொண்டக்கடலை. ஊற வைக்காமப் போட்டிருக்கா."

காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

"குழுவுல யார் யாருக்கா?"

"பதினோரு குக்கர். தலைவர் அஞ்சு லிட்டர். ரொம்ப மரியாதையா நடந்துக்கிட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"விசில் காதுல விழுந்த பிறகும் சிலபேர் ஏன் எழுந்திரிச்சு வர மாட்டேங்கறாங்கன்னு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்." ஒரு வாய் காபி குடித்தாள். "காலையில நீ சொல்ல வச்ச பொய்யும் பேச்சுல வந்துச்சு. அதைத் தனியா எடுத்துக்கறாங்களாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் என்பதால் கொஞ்சம் முன்னதாகவே, வாசலில் ஒரு மேஜை வந்து நின்றது. நாற்காலி வந்தால் நாம் கருத்துச் சொல்லப் போகிறோம் என்று பொருள். மேஜை வந்தால் நம்மைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போகிறார்கள்.

அக்கா அதற்குக் காபி கொடுத்தாள். அடியில் புகுந்து கடிதத்தைப் படித்தேன். இரண்டு மொழியிலும் என் பெயர் சரியாக இருந்தது. புகழ்ச்சி எதுவும் இல்லை. "உட்காருங்க" என்றேன், நின்றது. நான்கு முழங்கால்களையும் தடவிப் பார்த்தேன், நல்ல ஆரோக்கியம். முத்திரை குத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிப் படுத்தேன்.

"வடக்க தலை வைக்காதடா" என்றாள் அக்கா.

மாறிப் படுத்தேன். மேஜை கிளம்பியது.