மூன்றாம் மாடிக்குப் போன டாக்டர்

எழுபத்தெட்டு வயதில், ஒரு டாக்டரை அவருடைய பெட்டி, குடை சகிதம் முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறியதாகவும், நடுவே இரண்டாம் மாடியில் நின்று அங்கிருந்த பூனைக்குப் பால் ஊற்றியதாகவும் செங்கா மெக்லஷன் சொன்னாள். தெருவில் எல்லாரும் நம்பிவிட்டார்கள். செங்காவை நம்பாமல் அங்கே குடியிருக்க முடியாது. நம்பாதவன் ஒருத்தன்தான். கஷ்டம் என்னவென்றால், அவன் நம்பினால்தான் காரியம் ஆகும்.

அவன் ஆர்ச்சி, செங்காவின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருந்தான். வயது அறுபத்திரண்டு, பார்த்தால் அண்ணிக்கு அப்பா மாதிரி இருப்பான். கிளாஸ்கோவில் மேற்கே ரயில் ஏறியவனுக்குக் கிழக்கே எங்கள் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் பத்து வயது கூடிவிடும் என்பார்கள். ஆர்ச்சி அந்த ரயிலிலேயே பிறந்தவன். சுவரில் தண்ணீர் கசியும் ஒற்றை அறையில் எட்டுப் பேரோடு வளர்ந்தான். பதினாறு வயதில் இரும்பு வார்ப்படப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். தூசியால் ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி சொன்னார், பையன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் இப்போது அவன் நெஞ்சுக்குள் விசிலடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணால் பார்க்காத எதற்கும் ஆர்ச்சி தலையாட்டியதில்லை. மாதாகோயிலில்கூட.

செங்காவும் அதே ஈரச் சுவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள்தான். ஆனால் ஒன்பது வயதிலிருந்து பொதுச் சலவைக்கூடத்தில் அம்மாவோடு ஈரக் கம்பளி சுமந்தாள். பிறகு நிலக்கரி, பிறகு படுத்துவிட்ட புருஷன். எதை எடுத்தாலும் மூன்று மாடி. அவள் தோள் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துவிட்டது. முழங்கால் வலியைப் பற்றி அவள் பேசுவதில்லை.

வினை வீட்டுவசதி ஆபீஸ் வடிவில் வந்தது. எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் மேல்மாடியில் இருக்கக் கூடாதாம். படி ஏறுவதை டாக்டர் பார்த்துச் சொன்னால் இருக்கலாம். இல்லாவிட்டால் ஊர்க்கோடியில் ஒரு தரைவீடு. செங்கா போய்விட்டால் ஆர்ச்சிக்கு மத்தியானம் பார்லி சூப் கொண்டுவர ஆளில்லை. சூப் இல்லாவிட்டால் அவன் பிஸ்கட்டில் வாழ்ந்து பிஸ்கட்டில் சாவான். அது அவனுக்கும் தெரியும்.

அந்தக் கட்டடத்தில் படி கழுவும் முறை யாருடையதோ அவர் கதவில் ஒரு அட்டை தொங்கும். கீழே இருப்பவர்களுக்கெல்லாம் மூச்சு வாங்கியதால் அது வருஷக்கணக்காகச் செங்கா கதவிலேயே தொங்கியது. டாக்டர் வருகிறார் என்று அன்றைக்குச் சோப்பை இரண்டு மடங்கு போட்டுக் கழுவினாள். அழுக்குப் படியில் டாக்டரை ஏற்றினால் அவள் மானம் என்னாவது?

வந்தவர் மேற்கிலிருந்து வந்த இளைஞர். அவர் தாத்தா எண்பத்துநாலு வயதில் இன்னும் பனிச்சறுக்குப் போகிறாராம். பேரன் எங்கள் படியில் சறுக்கினார். கணுக்கால் பிசகியது. திரும்பிப் போய்விட்டால் யார் வருவார்களோ என்று செங்கா அவரைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். சத்தம் கேட்டு, மூச்சை ஒன்று சேர்த்துக்கொண்டு ஆர்ச்சி கதவைத் திறந்தபோது படியில் ஒற்றை ஷூ மட்டும் கிடந்தது.

டாக்டர் நேர்மையான மனிதர். ஏறியதைப் பார்த்தீர்களா என்று ஆபீஸில் கேட்டதற்கு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன் என்றாராம். அப்படியானால் கட்டடத்தில் இருக்கும் யாராவது சொல்லட்டும், வியாழக்கிழமை ஆர்ச்சிக்குப் போன் பண்ணுகிறோம் என்றார்கள்.

வியாழக்கிழமை காலையில் செங்கா கீழே வந்தாள்.

"நான் பாக்கல அண்ணி. பாக்காததுக்குத் தலையாட்ட மாட்டேன். ஒரு தடவை ஆட்டினதே போதும்."

"ஷூவைப் பாத்தேல்ல?"

"ஷூவைப் பாத்தேன். ஷூ யாரையும் தூக்கலையே."

"சரிடா தம்பி. இனிமே சூப்பு ரெண்டு பஸ் மாறித்தான் வரும். வந்து சேரும்போது கத்தியால வெட்டித்தான் தின்னணும்."

ஆர்ச்சி ஜன்னலைப் பார்த்தான். பொய் சொல்லவும் முடியவில்லை, பிஸ்கட்டை நினைக்கவும் முடியவில்லை. செங்கா அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறு."

"எதுல?"

"இந்தக் கட்டடத்துல வேற லிஃப்ட் இருக்கா?"

ஏறினான். ஈரக் கம்பளி இதைவிடக் கனம் என்று அவள் முணுமுணுத்தது அவனுக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஒரு காலத்தில் இரும்பையே தூக்கியவன். முதல் மாடியைத் தாண்டி அவன் போய் நாலு வருஷம் ஆகிறது. சுவரில் பச்சை ஓடு பதித்திருப்பதையே மறந்துபோயிருந்தான். அண்ணியின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் நறுக் நறுக் என்றது. அவன் நெஞ்சு விசிலடித்தது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு பாட்டு மாதிரி இருந்தது.

இரண்டாம் மாடியில் செங்கா நின்றாள். அவனை இறக்கவில்லை. ஏப்ரன் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். பூனை ஏற்கெனவே கிண்ணத்தருகே உட்கார்ந்திருந்தது, வழக்கம்போல வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல.

மூன்றாம் மாடிக்கு ஏழெட்டுப் படி இருக்கும்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. ஆபீஸ் பெண். அந்த அம்மாள் டாக்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியதாகச் சொல்கிறார்களே, அதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று கேட்டாள்.

ஆர்ச்சி மூச்சு வரும்வரை காத்திருந்தான்.

"நடக்கக்கூடியதுதாம்மா," என்றான். "பூனைக்குப் பால் ஊத்துறது உட்பட. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, நான் இப்ப அவங்க மேலதான் இருக்கேன்."