ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சி

கனகாம்பாளுக்கு அந்த வருஷம் மார்கழி மாசத்தில் வியர்த்தது. பாகூர் கிராமமே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்த விடியற்காலையில், சாணி தெளிக்க வாசலுக்கு வந்தவளுக்கு மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறியது. முந்தானை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே இறங்கியது. இறங்கியதும் குளிர் உலுக்கியது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஜுரமா என்று கேட்டாள். உன் வேலையைப் பார் என்று இவள் எரிந்து விழுந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்பும் புளியும் மாற்றிக்கொள்ளும் சிநேகம் அது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று கனகாம்பாளுக்கே விளங்கவில்லை.

அது மட்டுமா? ஒரு நாள் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள், மறுநாள் போடவே மறந்தாள். கொல்லைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படுத்தால் தூக்கம் வரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டி விடவில்லை. புருஷன் சிங்காரவேலு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டதற்கு அழுதாள். சிங்காரவேலு சாது. ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் வைத்துக்கொண்டு, மாட்டோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசாத ஆள். ரசம் கேட்டால் பெண்டாட்டி ஏன் அழுகிறாள் என்று யோசித்துப் பார்த்தார். புரியவில்லை. ரசம் கேட்பதை விட்டுவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்துச் சொன்னவள் வண்ணாத்தி ருக்குமணி. தூரமான பெண்கள் மூன்று நாள் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி உட்காருவார்கள். அவர்களுக்குக் கட்டிக்கொள்ளத் துணி கொண்டுவந்து கொடுத்து, அழுக்கை எடுத்துப் போவது அவள்தான். ஆகவே எந்த வீட்டில் யார் உட்கார்ந்தாள், யார் உட்காரவில்லை என்பது கட்டின புருஷனுக்கு முன்னால் ருக்குமணிக்குத் தெரிந்துவிடும். ஆவணியில் ஒரே மாசத்தில் இரண்டு தடவை உட்கார்ந்த கனகாம்பாள், ஐப்பசிக்கு அப்புறம் உட்காரவே இல்லை.

"இன்னாம்மா, பேரப்புள்ள வர்ற நேரத்துல நீங்களும் ஒண்ணு பெத்து வெப்பீங்க போலருக்குது" என்று மூட்டையைக் கட்டிக்கொண்டே அவள் சிரித்தாள்.

கனகாம்பாள் அவளைத் திட்டி அனுப்பிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். ஒரே மகள் சின்னபொண்ணு பண்டசோழநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாசம். அவளுக்குப் பிறகு கனகாம்பாள் பெற்ற இரண்டும் தங்கவில்லை. அதற்கப்புறம் வயிறு திறக்கவே இல்லை. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகா திறக்கும்? ஆனால் அறுவடைக்குப் பிறகு ஒரு நாள், மழைக்கு இருவரும் வைக்கோல் கொட்டகையில் ஒதுங்கியது நினைவுக்கு வந்தது. முகம் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பு வெட்கத்தால் வந்ததா, இல்லை அந்தப் பாழாய்ப்போன சூடுதான் மறுபடியும் ஏறுகிறதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். உப்பினாற்போலத்தான் இருந்தது. சின்னபொண்ணைச் சுமந்தபோது இப்படி வியர்க்கவில்லை, இப்படி மறக்கவில்லை. வயசான பிறகு சுமந்தால் இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டாள். மருத்துவச்சியைக் கூப்பிட்டுக் கேட்கலாம்தான். கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரை வரைக்கும் செய்தி போய்விடும். மாப்பிள்ளை எடுத்தவள் பிள்ளையாண்டிருக்கிறாள் என்று ஊர் சிரிக்கும்.

சிரிப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவளைக் கலக்கியது வேறு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். தை மாசம் வளையல் அடுக்கிச் சின்னபொண்ணை அழைத்து வருவதாகப் பேச்சு. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சி இருக்கக் கூடாது, ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிரசவம் ஆனால் இரண்டில் ஒன்று நிலைக்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இரண்டு தெரு தள்ளி மணவாளன் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே வருஷத்தில் பெற்றார்கள், மருமகள் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஜன்னி கண்டதை ஊர் மறந்துவிட்டது, கூரையை மட்டும் மறக்கவில்லை. கனகாம்பாளுக்கு இருப்பது ஒரே ஒரு மகள். அவளைத் தன் கூரையே விழுங்கிவிடுமோ என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. அதையும் பிள்ளையின் அசைவு என்று எடுத்துக்கொண்டாள்.

சிங்காரவேலுவிடம் சொன்னாள். அவர் மாட்டைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார், வெளியே போனார். மறுநாள் வில்லியனூர் சந்தையிலிருந்து ஒரு துண்டு நிறைய நெல்லிக்காய் வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தார். பிறகு ஏணி போட்டு ஏறி, உத்தரத்தில் துருப்பிடித்துக் கிடந்த தொட்டில் கொக்கிக்கு எண்ணெய் போட்டார். தனக்கு ஆண்பிள்ளை இல்லையே என்று ஒரு நாளும் வாய் திறந்து சொல்லாத மனுஷன் கொக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதைக் கண்டு, கனகாம்பாளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கடைசியில் ஆசையும் வந்தது. ஆசை வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தை பிறந்து நல்ல நாள் வந்தது. வளையல் தட்டும் கலந்த சாதமுமாக வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பாகூரும் பிரெஞ்சு மண், பண்டசோழநல்லூரும் பிரெஞ்சு மண். நடுவில் ஒரு துண்டு மட்டும் இங்கிலீஷ்காரன் மண். அவன் போட்ட சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தி, புளிச்சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்த்தார்கள். மகளை அழைக்கப் போகிறோம் என்று சிங்காரவேலு சொன்னதும் சாவடிக்காரன் வழி விட்டான். கனகாம்பாள் அவரை முறைத்தாள். அழைக்கப் போகவில்லையே, அங்கேயே விட்டுவிட்டு வரத்தானே போகிறோம்.

வளைகாப்பு குறைவில்லாமல் நடந்தது. சின்னபொண்ணு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு, முகமெல்லாம் பூரிப்பாக உட்கார்ந்திருந்தாள். கிளம்பும் நேரம் வந்ததும் யாரும் சொல்லாமலே தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கனகாம்பாள் சம்பந்தியம்மாள் காசம்மாளிடம் போய், வீட்டுக்குக் கூரை மாற்றுகிறோம், பின்சுவரும் இடிந்து கிடக்கிறது, பெண் இங்கேயே இருக்கட்டும் என்று மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தாள். காசம்மாள் கூர்மையான வாய்க்காரி. தலைப்பிரசவத்துக்கு அழைக்காத தாய் வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். கனகாம்பாள் வண்டியண்டை வந்து, மகளை இறங்கச் சொன்னாள்.

சின்னபொண்ணு இறங்கவில்லை. வளையல் கையால் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணன்?"

சரியாக அந்த நேரம் பார்த்துச் சூடு கிளம்பியது. நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. உன் உயிருக்குப் பயந்துதான்டி என்று சொல்ல வாயெடுத்தவள், "எறங்குடின்னா எறங்கு, சும்மா உயிர வாங்காத" என்று கத்திவிட்டாள். மகள் மூட்டையை அணைத்துக்கொண்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பும் வழியில் சாவடிக்காரன் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பெண் எங்கே என்று கேட்டான். கடத்தல் சரக்கோடு பிடிபட்டவள் மாதிரி கனகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்டால் நான் சொல்லமாட்டேன். அவளுக்கே தெரியவில்லை. காலையில் சரி என்று தோன்றியது மத்தியானம் பாவம் என்று தோன்றியது. பிள்ளைக்காக மகளை விட்டோமா, மகளுக்காகத்தான் விட்டோமா என்று நினைத்து நினைத்து மண்டை காய்ந்தது.

மாசியில் கரும்பு வெட்டு நடந்தது. ஆட்களுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு வரப்பில் போகும்போது அடிவயிறு இழுத்தது. கூழ்ப்பானையை இறக்கி வைப்பதற்குள் புடவை நனைந்தது. அப்படி ஒரு ரத்தப்போக்கை அவள் பார்த்ததில்லை. வீடு வந்து சேர்ந்து, கொல்லைத் தாழ்வாரத்தில் சுருண்டு படுத்து, போச்சே போச்சே என்று அழுதாள். இனி ஊர் சிரித்தால் என்ன என்று சிங்காரவேலுவே ஓடிப் போய் மருத்துவச்சியை அழைத்து வந்தார்.

மருத்துவச்சி நெடுநேரம் வயிற்றைத் தடவினாள். துணியைப் பார்த்தாள். கனகாம்பாள் பட்ட பாட்டையெல்லாம் கேட்டாள். மார்கழி வியர்வையிலிருந்து ரசத்துக்கு அழுதது வரை இவள் சொன்னாள்.

"புள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்குத் தூரம் நிக்கப் போவுதும்மா. நிக்கறதுக்கு முன்னால இப்படித்தான் வரும், வராது, ஆட்டம் காட்டும்."

"எப்ப நிக்கும்?"

அது அவளுக்கும் தெரியவில்லை. சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு நாலு வருஷம் என்றாள். கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னாள். போகும்போது, அப்படி நிச்சயமாகவும் சொல்ல முடியாது என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

மகளை அழைத்து வரத் தடையில்லை என்று கனகாம்பாளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நிம்மதிப்பட்டவள் ஏன் இப்படி அழுகிறாள்? இல்லாத பிள்ளைக்குத் துக்கம் கொண்டாடுவது எந்த ஊர் வழக்கம்? யாரிடம் கேட்பது? கொக்கியை என்ன செய்வது என்று கேட்டபோது சிங்காரவேலு, "பேரப்புள்ளைக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு மாட்டுப் பக்கம் போனார். வெகுநேரம் அங்கேயே நின்றார்.

எட்டாம் மாசத்தில் அழைக்கக் கூடாது என்பதால் பங்குனி பிறக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறந்ததும் வண்டி பண்டசோழநல்லூர் போய் நின்றது. காசம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டு, சுவர் எழும்பிவிட்டதா என்று கேட்டாள். சின்னபொண்ணு நடையில் தூணோரம் நின்றாள், வா என்று சொல்லவில்லை. வரமாட்டேன், இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று அம்மாவுக்குப் பதில் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்கள் கனகாம்பாளுக்கு மறந்துபோயின. மறதியால் அவளுக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்.

"சுவரும் இடியல, ஒண்ணும் இடியல சம்மந்தி. நான் முழுவாம இருக்கறன்னு நெனச்சிட்டன். ஒரே வூட்ல ரெண்டு ஆவாதுன்னு பயந்துட்டன். அது புள்ள இல்லியாம். எனக்கு நிக்கப் போவுதாம்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. காசம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் அந்த வியர்வையைப் பார்த்தாள். வாசற்படியை விட்டு நகர்ந்து, பனைவிசிறியை எடுத்து வந்து சம்பந்திக்கு விசிறினாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

"ராவுல தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எனக்கு வர்றதில்ல. காத்து கருப்புன்னு மூணு எடத்துல மந்திரிச்சிட்டாங்க."

கனகாம்பாள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு மகள் நின்ற தூணோரம் போனாள். சின்னபொண்ணின் வயிறு கனத்து இறங்கியிருந்தது, முகம் வீங்கியிருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் மகள்.

"இன்னான்னு சொல்லுவன்? எனக்கே இன்னான்னு தெரியலியே. இப்பவும் தெரியல. இது நிக்குமா, திரும்ப வருமா, திரும்பவும் அப்படி நெனச்சிக்குவனா, ஒண்ணும் தெரியலடி. உன் வயித்துக்கு நான் இன்னா வைத்தியம் பண்டிதம் பாக்கப் போறன்?"

சின்னபொண்ணு அம்மாவை முதல்முறையாகப் பார்க்கிறவள்போல் பார்த்தாள். தன் முந்தானையால் அவள் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியலம்மா. பயமா இருக்குது. பண்டிதம் பாக்கவா உன்னத் தேடினன்?"

கனகாம்பாள் மகளின் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினாள்.