இருபது ஃபீல்டு போதும்

அறிவுள்ளவனுக்கு இருபது போதும். நூறு என்பது மற்றவர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட எண். மருத்துவப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியலுக்கு நான் அளித்த கொடை இந்தக் கோட்பாடு. துறை அதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, நோயாளியின் சளியைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள். குனிந்து பார்த்தால் ஒரு நீல வட்டம். அதற்கு ஃபீல்டு என்று பெயர். நீலத்துக்கு நடுவே சிவப்பாக, உடைந்த மெல்லிய குச்சி போல ஏதாவது கிடந்தால் அதுதான் கிருமி. ஒன்றும் இல்லையென்றால் ஸ்லைடை மயிரிழை அளவு நகர்த்தி அடுத்த வட்டம். இப்படி நூறு வட்டம் பார்த்த பிறகுதான் ‘கிருமி இல்லை’ என்று எழுதலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்ன மொழியைப் பேசிக்கொண்டு நூறு சோற்றை நசுக்கிப் பார்ப்பது முன்னோருக்குச் செய்யும் அவமானம் என்று கேன்டீனில் முழங்கினேன். நான் இருபது பார்ப்பதே பெருந்தன்மை.

இந்த அவமானத்தைப் பன்னிரண்டு வருடமாகச் செய்துவந்தவர் லேப் அக்கா. எங்கள் டெக்னீஷியன். உதடு மட்டும் அசைய எண்ணுவார். நடுவில் யாராவது பேசிவிட்டால், தலை நிமிராமல், “போச்சு, மறுபடி ஒண்ணு” என்பார். நான் ஒரு கண்ணை டம்ளருக்குள் விட்டு, உதட்டைக் கோழி மாதிரி அசைத்து, அவரை நடித்துக் காட்டுவேன். என் அறைத்தோழன் ஒட்டடைக்கு (ஆள் ஒட்டடைக் குச்சி அளவுதான்) சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

அந்த வாரம் எங்கள் குழுவுக்கு லேபில் முறை. மதியம் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல்.

“ரெண்டே ரெண்டு ஸ்லைடுதான் பாக்கி. பார்த்து வைக்கறியா? காலையில வந்து கையெழுத்துப் போட்டுடறேன்.”

“நீங்க போங்கக்கா, நான் இருக்கேன்ல.”

இரண்டும் ஒரே ஆளுடையவை: வந்த அன்று கொடுத்த சளி ஒன்று, மறுநாள் காலைச் சளி ஒன்று. ஆள், ஆஸ்பத்திரி லிஃப்டை ஓட்டும் லிஃப்ட் அண்ணன். “மேலயா, கீழயா, வருங்கால டாக்டரே? மார்க் போற பக்கம் போகட்டா?” என்று கேட்பவர். ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தார்.

ஸ்லைடுக்கு இருபது பார்த்தேன். கோட்பாடு கோட்பாடுதான். நீலம், நீலம், நீலம்.

காலையில் அக்கா பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். “நூறு பார்த்தல்ல?”

“பார்த்தேன்கா.”

கையெழுத்துப் போட்டார். நானே லிஃப்டில் ஏறி நல்ல செய்தி சொன்னேன். “ஒண்ணுமில்லண்ணா, நெகட்டிவ்.” அவர் என்னை நான்காம் மாடி வரை நிறுத்தாமல் கொண்டுபோனார். நான் கேட்டது இரண்டாம் மாடி.

ஏழு வாரம் கழித்து அவர் இருமியபோது ரத்தம் வந்தது. புதிய சளியில் முதல் வட்டத்திலேயே கிருமிகள் சந்தை கூட்டியிருந்தன. துறைத்தலைவர் பழைய ஸ்லைடுகளை எடுக்கச் சொன்னார். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அகார், லேபில் கிருமி வளர்க்க ஊற்றி உறையவைக்கும் கூழின் பெயர். எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவத்தில் உறைந்துவிடுவார். அக்காவே உட்கார்ந்து எண்ணினார். முதல் ஸ்லைடில் முப்பத்தேழாவது வட்டத்தில் ஒன்று. அடுத்ததில் அறுபத்தெட்டாவது வட்டத்தில் இரண்டு. மொத்தம் மூன்றே மூன்று குச்சி.

“நூறு பார்த்தீங்களாம்மா?” என்றார் அகார்.

அக்கா ரெஜிஸ்டரைப் பார்த்தார். நான் நின்ற பக்கம் பார்க்கவில்லை. “கையெழுத்து என்னுதுதான் சார்.”

மெமோ வந்தது. அக்காவுக்கு.

மறுநாள் மருந்து கொடுக்கும் ஜன்னலருகே லிஃப்ட் அண்ணன் முகத்தில் துணி கட்டி நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி, இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. குழந்தைக்கும் மருந்துச் சீட்டு இருந்தது.

“என் நெஞ்சு மேலதான் தூங்குவா டாக்டரே, அதான்,” என்றார். “நீங்க பார்த்தப்ப இல்லேன்னுதானே சொன்னீங்க. அப்புறமாத்தான் வந்திருக்கும், இல்ல?”

என் தப்புக்கு அவரே ஒரு சாக்கைத் தைத்துக் கையில் கொடுத்தார்.

“ஆமாண்ணா,” என்றேன். “அப்புறமாத்தான் வந்திருக்கும்.”

குழந்தை என்னைப் பார்த்து இருமவில்லை. சிரித்தது. இருமியிருந்தால் தேவலை.

நேராக அகாரின் அறைக்குப் போனேன்.

“சார், அந்த ரெண்டு ஸ்லைடையும் பார்த்தது நான். இருபது ஃபீல்டுதான் பார்த்தேன். அக்காகிட்ட நூறுன்னு பொய் சொல்லிட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “செகண்ட் இயர் பையன் கையில பேஷண்ட் ஸ்லைடைக் குடுத்துட்டு அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா? இது முன்னதைவிடப் பெரிசாச்சே!”

“தப்பு என்னோடது சார்.”

“உன் தப்பை நான் எங்கப்பா எழுதறது? ரெஜிஸ்டர்ல உனக்குன்னு ஒரு கட்டமே இல்லையே. போ, போய்ப் படி.”

சாயங்காலத்துக்குள் இரண்டாவது மெமோ டைப் ஆகிவிட்டது. அதுவும் அக்காவுக்கு. மூன்றாவது வந்தால் வேறு ஊருக்கு மாற்றுவார்கள். மகள் இங்கேதான் ஐந்தாவது படிக்கிறாள். என் மனசாட்சியைக் கழுவிய தண்ணீரை நான் அவர் வீட்டு வாசலில் கொட்டியிருந்தேன்.

லேபுக்குப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

“அக்கா, சார்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்.”

“தெரியும். பேப்பர் வந்துடுச்சு.”

“மன்னிச்சிடுங்கக்கா.”

“உனக்கு மனசு லேசாச்சா?”

“இல்லக்கா.”

“அப்ப எதுக்குத்தான் சொன்னே?” நிமிரவே இல்லை. “எழுபத்திரண்டுல இருந்தேன். போச்சு, மறுபடி ஒண்ணு,” என்றார்.

அதன்பிறகு மாணவர்கள் நோயாளிகளின் ஸ்லைடைத் தொடக்கூடாது என்று கதவில் ஒட்டிவிட்டார்கள். பயிற்சிப் பெட்டியைத் தொடலாம். அதில் ஒரு மூலையில், பழைய நெகட்டிவ் ஸ்லைடுகள். ‘கிருமி இல்லை’ என்று மேலேயே எழுதியிருக்கும். அவற்றைப் பார்க்க யாருக்கும் எந்த அவசியமும் இல்லை. நான் இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை. மதியம் படியேறி மூச்சிரைக்க வந்து, அவற்றில் ஒன்றை எடுத்து வைக்கிறேன். அக்கா எதிர் மேசையில் இருப்பார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இன்று ஒட்டடை கதவருகே வந்து நின்றான்.

“டேய், சாப்பிட வரலியா? அங்க என்ன மந்திரம் ஓதிட்டிருக்க?”

முப்பத்தெட்டா, முப்பத்தொன்பதா? தெரியவில்லை. ஸ்லைடைத் தொடங்கிய ஓரத்துக்கே கொண்டுவந்தேன்.

ஒன்று.