பெயர்ப்பலகைக்கு அடித்த கறுப்பு

1

இக்கதை பிறந்த இடம் ஓர் இரும்புக்கடை. நட்டுக்கு அடியில் போடும் வாஷர் கேட்டேன். "சாதாவா, ஹார்டன் பண்ணதா?" என்றார் கடைக்காரர். காப்புச் செய்யுளின் முதலடியிலேயே எதுகை கிட்டாமல் விழிப்பவனைப் போல நின்றேன். சொல் வேண்டி இறைவனைத் தொழுதவனுக்கு அவன் இரும்பு வளையத்தை அருளினான், மறுக்கலாமா?

[முதல் தொடக்கம்: "அனலிற் குளித்து உரம்பெற்ற ஆழியே, நின்..." வேண்டாம். வாஷருக்கே கூச்சமாக இருக்கும்.]

2

சகலைகள் இருவர் வண்டிப் பட்டறை திறந்தார்கள். மூத்தவருக்கு வாயைத் திறப்பது பெரும்பாடு, இளையவருக்கு மூடுவது. வண்டியை உயர்த்தும் லிஃப்டின் தூண்களை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கு, சூடேற்றிக் கடினமாக்கிய கறுப்பு வாஷரே ஏற்றது. இளையவரோ பெயர்ப்பலகைக்கென்று சில சாதா வாஷர்களுக்கு அழகாகக் கறுப்புச் சாயம் பூசி, கடின வாஷர்கள் கிடந்த தட்டிலேயே உலரவைத்தார். மூத்தவர் தட்டில் கைவிட்டு, பாராமலே எடுத்துப் பூட்டினார்.

3

திறப்பு நாளில் முதல் வண்டி மாமனாருடைய வேன். மருமகன்களை அவர் நம்பவில்லை என்பதை அவர் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்த விதமே சொல்லிற்று. வேன் மேலே, அடியில் இளையவர், பாடியபடி. மூத்தவர் லிஃப்டுத் தூணின் ஒரு போல்ட்டை, இறுக்கம் அளக்கும் டார்க் ரென்ச்சால் மறுபடி சோதித்தார். நேற்று 'டிக்' என்று நிறைவு சொன்ன நட்டு, இன்று மேலும் திரும்பியது. மெத்தென்ற வாஷர் அமுங்கிப் பிடியைத் தளர்த்திக்கொண்டிருந்தது.

[இவ்விடத்தில் மூத்தவரை நான் ஐயுற்றேன். மாமனாரின் முன் மானம் போகுமே என்று அவர் ஒரு கணம் தயங்கி... இல்லை. நான் வாக்கியத்தை முடிக்குமுன் அவர் எழுந்துவிட்டார்.]

"தம்பி, வெளிய வா."

"இன்னும் ஒரே ஒரு நட்டுதாண்ணே."

"பாட்ட நிறுத்திட்டு வாடா."

வந்தார். வேன் மெல்ல இறங்கித் தரை தொட்டது. (வாசகரே, எந்த முடிவை நீங்கள் விரும்பினாலும் சரி, அடியில் ஆள் கிடையாது. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

மூத்தவர் அந்த வாஷரைக் கழற்றி அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தார். கடினமானதென்றால் அரம் வழுக்கியிருக்கும். இதிலோ கடித்தது, சாயத்தின் அடியிலிருந்து வெள்ளிரும்பு பல்லிளித்தது. இளையவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு.

4

ஒரு முடிவில் இளையவர் பழியை ஏற்கிறார், மற்றொன்றில் மூத்தவர். எதை வைப்பதென்று நான் நிறுத்துப் பார்ப்பதற்குள் மாமனார் கேட்டுவிட்டார்: "இது யாரு பண்ண வேலை?"

"நான்தான் மாமா."

இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். பிறகு, குறுக்கே விழுந்ததற்காக ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

மாமனார் எழுந்தார். வேன் சாவி அவருடைய உள்ளங்கையில் இருக்கிறது. விரல்களை மடக்கி அதைப் பையில் போட்டுக்கொள்வாரோ, நல்ல வாஷர் பூட்டியபின் ஏற்றச் சொல்லி நீட்டுவாரோ, நான் எழுதப்போவதில்லை. இரு மருமகன்களும் அந்தக் கையையே பார்த்து நிற்கிறார்கள். எழுதுங்கள்.