முகக்கவசத்தின் விளிம்பு

உள்ளரங்கில் நான்கு பேர் இருந்தோம்: கிடங்கு சூப்பர்வைசரான கோச், உயரத்தால் கொக்கு என்று பெயரெடுத்த என் அக்கா புருஷன், வேன் டிரைவர், மூக்கெலும்பு உடைந்த நான். உடைத்தது கொக்கின் முழங்கை. வேண்டுமென்று செய்யவில்லை.

கம்பெனி கூடைப்பந்து அணியில் இருப்பவனுக்குப் பகல் ஷிப்ட். மற்றவனுக்கு இரவு. மூக்கு உடைந்த மறுவாரமே என்னை இரவுக்குத் தள்ளினார்கள். பகலில் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மாதமாக மூன்று மணி நேரம் தாண்டவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு வேறு வேலையும் காத்திருக்கவில்லை. இன்று ஒழுங்காக ஆடினால் பகல் திரும்பக் கிடைக்கும்.

முகக்கவசம் இல்லாமல் ஆடக்கூடாது என்றார் டாக்டர். கண்ணாடி போன்ற கெட்டி பிளாஸ்டிக். வியர்த்தால் மூச்சு முட்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணைத் தாழ்த்தினால் கன்னத்து விளிம்புதான் தெரிந்தது, பந்து தெரியவில்லை. தலை குனிந்தால் எதிரே வருபவன் தெரியவில்லை. இரண்டு வாரம் மாடியில் பழகியும் சரிவரவில்லை. நேற்று பார்சல் வெட்டும் கத்தியால் விளிம்பை ஒரு விரற்கடை சீவினேன். கிடங்கில் வேலை செய்பவன் எதையும் கத்தியால்தான் சரிசெய்வான். கூராக நின்ற இடத்தில் பேக்கிங் டேப் ஒட்டினேன்.

"என்ன மாப்ள, வெல்டிங் வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்றார் கொக்கு.

"மூக்கு பத்திரம் மாமா. உங்க கை இருக்கிற ஊர்ல ஹெல்மெட்டே போடணும்."

பந்து நன்றாகத் தெரிந்தது. நான்கு கூடை போட்டேன். கோச் தலையாட்டினார். வியர்வையில் டேப் கழன்றது. சீவிய விளிம்பு கன்னத்தில் உரசியதை உணர்ந்தேன். நிறுத்தவில்லை. அடுத்த பந்துக்கு நானும் கொக்கும் சேர்ந்து எழும்பினோம். இறங்கும்போது அவர் புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது.

"எதுல பட்டுச்சு?" கோச் ஓடி வந்தார்.

கொக்கு என் கன்னத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தார்.

"என் நகம்தான் சார். வெட்டாம விட்டுட்டேன்." குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "மூக்குக்குப் புருவம். சரியாப்போச்சு."

நான் டேப்பைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டேன்.

"தையல் போட்டா மூணு வாரம் ஆட முடியாதுப்பா," என்றார் கோச் கொக்கிடம். "அதுவரைக்கும் நீ நைட் பாத்துக்கோ. உன் மச்சினன் பகலுக்கு வரட்டும்."

மூன்று வார இரவு என்னவென்று கொக்குக்கு அந்த நொடி வரை தோன்றியிருக்காது. முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் பந்தைப் பார்த்தேன்.

"அக்காகிட்ட நீயே சொல்லிடு," என்று சொல்லிவிட்டு, துண்டைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்று நான் சொல்லவில்லை.

"கதவைச் சாத்துப்பா, பந்து வெளிய ஓடுது," என்றார் கோச்.

போய்ச் சாத்தினேன். சாவியைத் திருகினேன்.