எல்லைக்கல்லைத் தொட்டவன்

வெர்ன்ஹால்ட் ஊரில் அந்த வருஷம் ஒருவனும் ஒழுங்காகக் குற்றம் செய்யவில்லை. காவல் தலைவன் ஓஸ்மருக்கு வினை அதில்தான் வந்தது.

பனி விழத் தொடங்கியதும் மலைக்குகையில் இருக்கும் தீநாகத்துக்கு ஓர் ஆளைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அது இறக்கை விரித்து வந்து ஊரைக் கொளுத்திவிடும். ஒரு காலத்தில் கொளுத்தியும் இருக்கிறது. மணிக்கூண்டின் வடக்குச் சுவரில் இன்னும் கரி போகவில்லை. அதற்காகக் கண்டவனைப் பிடித்துக் கட்டிவிட முடியுமா? வெர்ன்ஹால்ட் சட்டத்தை மதிக்கிற ஊர். முறைப்படி விசாரித்து மரண தண்டனை விதிக்கப்பட்டவனைத்தான் கொடுக்கலாம். மற்ற வருஷங்களில் கொலைகாரனோ வழிப்பறிக்காரனோ எவனாவது அகப்பட்டுவிடுவான். இந்த வருஷம் கொட்டடியில் இருந்தது ஒரு குடிகாரனும் அவனுடைய குறட்டையும்தான்.

நீதிபதி வால்ப்ரெக் ஆள் அனுப்பினார். ஓஸ்மர் போனபோது அவர் வாத்துக்கறி தின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா, ஊர்ல எல்லாரும் ஒரேயடியா யோக்கியனாயிட்டானுங்களா?"

"பனி சீக்கிரமே வந்துடுச்சுங்க ஐயா. திருடக்கூட ஒருத்தனும் வெளிய வரல."

"அப்ப நாகத்துக்கு என்னைக் கட்டுறியா? இல்ல, உன்னைக் கட்டட்டுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஓஸ்மருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆத்தங்கரையில தோல் பதம் பண்றவன் இருக்கானே, பில்வின். வெள்ளத்துல சாஞ்ச எல்லைக்கல்லை அவன்தான் நிமித்தி வச்சான்னு பேச்சு" என்றார் நீதிபதி.

"ஆமாங்க. நல்லதுதானே பண்ணான்."

"எல்லைக்கல்லைத் தொட்டவனுக்கு என்ன தண்டனை?"

"மரணங்க. ஆனா அது அடுத்தவன் நிலத்தைத் திருடுறவனுக்குப் போட்ட சட்டமுங்க."

"தொட்டவனுக்குன்னுதான் சட்டம் சொல்லுது. எதுக்குத் தொட்டான்னு கேக்கச் சொல்லல. அவன் தொட்டதைப் பார்த்த சாட்சி இல்ல, அதனால அவன் வாயாலயே வரணும். நீ சொன்னா கேப்பான். ஒத்துக்கிட்டா சாட்டையடியோட முடிஞ்சுரும்னு சொல்லு."

"முடிஞ்சுருமாங்க?"

வால்ப்ரெக் வாத்தின் காலைத் திருகிப் பிய்த்தார். "சொல்லுன்னுதான்யா சொன்னேன்."

ஆற்றங்கரைக்குப் போகும் வழியெல்லாம் ஓஸ்மர் தன்னையே தேற்றிக்கொண்டு போனான். நீதிபதி மிரட்டத்தான் செய்கிறார், கடைசியில் இரக்கம் காட்டுவார், நாகத்துக்கு வேறு எவனாவது கிடைப்பான். பில்வினின் கொட்டகையை எட்டுவதற்குள் இதையெல்லாம் பாதி நம்பியும் விட்டான்.

பில்வின் ஆட்டுத்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தான்.

"கல்லை நிமித்தினதுக்குச் சாட்டையடியா? அப்ப சாச்சிருந்தா மாலை போட்டிருப்பாங்களாண்ணே?"

"வம்பு பண்ணாம ஒத்துக்கடா. இல்லேன்னு சாதிச்சா வழக்கு வளரும். நான் பக்கத்துலயே இருப்பேன்."

"நீங்க சொன்னா சரிண்ணே. தோலை அடிச்சுப் பதப்படுத்துறது எனக்குப் புதுசா என்ன, இந்தத் தடவை என் தோலு, அவ்வளவுதானே."

அவன் மனைவி ரோஸ்னா ஓஸ்மருக்குச் சூடாகக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான்.

மன்றத்தில் சத்தியம் செய்கிறவர்கள் தீநாகத்தின் பழைய பல் ஒன்றின் மேல் கை வைக்க வேண்டும். பில்வின் கை வைத்து, கல்லைத் தொட்டதாகச் சொன்னான். தோளில் இருந்த சட்டையைக்கூடத் தளர்த்திக்கொண்டான். வால்ப்ரெக் எழுந்து, மலைக்குகைக்கு என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பில்வின் சிரித்தபடி திரும்பினான். "அண்ணே, ஐயா எதையோ மாத்திச் சொல்லிட்டாரு. நீங்க எடுத்துச் சொல்லுங்க."

ஓஸ்மர் தரையைப் பார்த்தான். ரோஸ்னா அலறினாள். கூட்டத்தில் நீண்ட பெருமூச்சு ஒன்று எழுந்தது. கேட்பதற்குப் பரிதாபம் போல இருந்தாலும் அது நிம்மதிதான் என்று ஓஸ்மருக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவன் நெஞ்சிலிருந்தும் அதே மூச்சுதான் வந்தது.

மறுநாள் காலை குகைவாசல் தூணில் பில்வினைக் கட்டியவனும் அவனே. கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும் என்பது வழக்கம். இந்த முறை ஓஸ்மருக்குக் கால் வரவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தான். வெயில் உச்சிக்கு ஏறியது, சாய்ந்தது. ஒன்றும் வரவில்லை. தூணில் பில்வினின் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் ஓஸ்மர் கத்தியை உருவிக்கொண்டு குகைக்குள் போனான். நாகம் அங்கேதான் இருந்தது. ஒரு படகுக்கூடு அளவுக்கு விலா எலும்புகள், நடுவே நரிக்குட்டிகள் படுத்துறங்கின. மண்டையோட்டுக்குள் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தது. செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும். வெளியே வந்து சரிவைத் துழாவினால், பனிக்கடியில் மனித எலும்புகள், ஓநாய்ப்பல் பட்டவை. அவர்களில் சிலரைக் கட்டியதும் அவன்தான்.

கட்டை அறுத்துவிட்டதும் பில்வின் தடுமாறி அவன் மேல் சாய்ந்தான். "என் நாத்தம் தாங்காம ஓடிடுச்சாண்ணே?"

"செத்துக்கிடக்குடா! எப்பவோ செத்துப்போச்சு! வா, ஊருக்குச் சொல்லலாம்!"

இருவரும் குடிகாரர்களைப் போலக் கத்திக்கொண்டே மலை இறங்கினார்கள். இனி எவனையும் கட்ட வேண்டியதில்லை என்பதே ஓஸ்மருக்குச் சாராயம் மாதிரி ஏறியிருந்தது.

ஊர்வாசலில் அவர்களைப் பார்த்த முதல் ஆள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினான். பிறகு ஒரு கல் வந்து விழுந்தது.

"தப்பிச்சு வந்துட்டான்! நாகம் பின்னாடியே வரும்!"

"நாகம் செத்துடுச்சய்யா! நானே பார்த்தேன்!" என்று ஓஸ்மர் தொண்டை கிழியக் கத்தினான். ஒருவரும் காதில் வாங்கவில்லை. சிலர் வானத்தைப் பார்த்தார்கள், சிலர் கூரையில் தண்ணீர் ஊற்ற ஓடினார்கள்.

பில்வின் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். "ரோஸ்னா, நான்தாண்டி. தொற."

"போயிரு." உள்ளிருந்து அவள் குரல் வந்தது. "பிள்ளைங்க இருக்கு. உனக்காக அழுது முடிச்சுட்டேன். தயவு பண்ணிப் போயிரு."

அவன் தட்டியபடியே இருந்தான். அதற்குள் ஆட்கள் வந்து அவனைச் சந்தைத் திடலுக்கு இழுத்துப் போனார்கள்.

வால்ப்ரெக் ஓஸ்மரை மட்டும் மன்றத்துக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"அது செத்தது எனக்குத் தெரியாதா? எங்கப்பா நீதிபதியா இருந்தப்பவே செத்துப்போச்சு."

"அப்ப இத்தனை பேரை ஏங்கய்யா…"

"நாகம் இல்லேன்னா எனக்கு எவன்யா குனிவான்? உனக்கு எவன் வழிவிடுவான்? இங்க பாரு. அவனே கட்டை அறுத்துட்டு ஓடி வந்தான், நாகம் உசுரோட இருக்குன்னு பல்லு மேல கை வச்சுச் சொல்லு. மாட்டேன்னா, அறுத்துவிட்டது நீன்னு ஆகும். தூணு ஒண்ணுதான். ஆனா ரெண்டு பேரைக் கட்ட இடமிருக்கு."

ஓஸ்மர் வெளியே வந்தான். யாரோ பல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார்கள். அவன் கை வைத்து, சொல்லச் சொன்னதைச் சொன்னான்.

"அண்ணே!" என்றான் பில்வின். பிறகு நீதிபதியைப் பார்த்து, "ஐயா, மறுபடியும் விசாரிங்கய்யா! நான் முறையிடுறேன்!" என்று கதறினான்.

வால்ப்ரெக் பொறுமையாக விளக்கினார். "தூணில் கட்டிய கணமே பில்வின் என்பவன் சட்டப்படி இறந்துவிட்டான். இறந்தவனுக்கு முறையீடு கிடையாது." கூட்டத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "இறந்தவனை அடித்தால் குற்றமும் கிடையாது."

அவன் மறுபடி ஓடக் கூடாது என்பதற்காகக் கால்களை மட்டும்தான் உடைத்தார்கள். எல்லோரும் அவனிடம் தோல் வாங்கியவர்கள். அவன் சொல்லும் வேடிக்கைக்குச் சிரித்தவர்கள்.

விடிந்ததும் ஓஸ்மர் அவனைப் பனிச்சறுக்கு வண்டியில் கிடத்தி இழுத்துப்போனான். தூணில் கட்டியதும் பில்வின் மெதுவாகக் கேட்டான்:

"கத்தி வச்சிருக்கீங்கல்ல. ஒரே குத்துண்ணே. குளிருக்கும் ஓநாய்க்கும் என்னை விடாதீங்க."

ஓஸ்மரின் கை உறை வரை போனது. "கத்திக்காயம் இருந்தா என்னைக் கேப்பாங்கடா" என்றான்.

"கேக்கட்டுமே. ஒரு தடவையாவது உங்களையும் எவனாவது கேக்கட்டுமே."

ஓஸ்மர் இறங்கி நடந்தான். பின்னால் பில்வின் அவனையும் அவன் தாயையும் கேவலமாகத் திட்டினான். பிறகு அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டான். ஒரு வளைவு தாண்டியதும் காற்றுச் சத்தம்தான் இருந்தது.

திடலில் ஊரே காத்திருந்தது. வால்ப்ரெக் சபை கேட்கும்படி கேட்டார்: "நாகம் ஏற்றுக்கொண்டதா?"

"ஏத்துக்கிச்சுங்க ஐயா."

மணி அடித்தார்கள். பீப்பாய் திறந்தார்கள். யாரோ நுரை வழியும் குவளையை ஓஸ்மரிடம் கொடுத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோஸ்னா வந்தாள், இடுப்பில் சின்னவளோடு. அவன் முன்னால் மண்டியிட்டு, "என் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டீங்கண்ணே" என்று அவன் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.